ஈட்டா கரினே விண்மீன்: பழைய அட்டவணையில் மேக்னிட்யூட் 6.2, கண்ணுக்கு 4?

உங்க கண்ணை நம்புங்க, அட்டவணைதான் பழசு. 6.2 என்பது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மதிப்பு (மேக்னிட்யூட் என்பது பிரகாச அளவு; எண் குறைஞ்சா பிரகாசம் அதிகம்). இப்போ அது 4-ஐ ஒட்டித்தான் இருக்கு.

1843-ல் சிரியஸுக்கு அடுத்தபடியா மின்னிய விண்மீன் இது. அப்போ கக்கிய தூசிக்குள்ளயே மறைஞ்சு 8 மேக்னிட்யூட் வரை மங்கிடுச்சு. நம்ம பார்வைக்கோட்டில் அந்தத் தூசி மெலிவதுதான் இப்போதைய ஏற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம். விண்மீனே இவ்வளவு பிரகாசமாகலை. புதுசா வெடிக்கப் போகுதுன்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க!

சரிபார்க்க, ஏஏவிஎஸ்ஓ (பிரகாசம் மாறும் விண்மீன்களைக் கவனிப்போரின் அமெரிக்கச் சங்கம்) வரைபடத்தை எடுங்க. அதில் ஒரு விண்மீன் பக்கத்தில் 43 என்றிருந்தால் அதன் மேக்னிட்யூட் 4.3 (புள்ளி போட்டால் விண்மீன்னு குழம்பும் என்பதால் விட்டுடுவாங்க). ஈட்டா கரினேயைவிடச் சற்றுப் பிரகாசமான ஒரு விண்மீன், மங்கலான ஒரு விண்மீன், இரண்டுக்கும் நடுவில் அதை வைத்து மதிப்பிடுங்க. பைனாகுலரைக் கொஞ்சம் ஃபோகஸ் விலக்கிப் பார்த்தால் எளிது.

ஒப்பீட்டு விண்மீன்கள் அதே உயரத்தில் இருக்கணும், இது முக்கியம். சென்னையில் ஈட்டா கரினே உச்சத்துக்கு வந்தாலே அடிவானத்திலிருந்து 17 பாகைதான். தலைக்கு மேலே உள்ளதோடு ஒப்பிட்டால் அரை மேக்னிட்யூடுக்கு மேல் மங்கலாகக் காட்டும்.

சுற்றியுள்ள நெபுலா (வாயு, தூசி மேகம்) ஒளியும் சேர்ந்துக்கும். அதனால் 0.2 வித்தியாசத்தை மாற்றம்னு பதிவு பண்ணாதீங்க.