ப்ளூரே பிளேயர் இருக்கட்டும், முதலில் கார்டு பில்லை எடுங்கள்

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 41. பிடித்தம் போகக் கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 21,500. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சினிமாதான் பொழுதுபோக்கு. நெட்ஃபிளிக்ஸ் 649 ரூபாய்த் திட்டம், மனைவியின் தம்பி வீட்டுக்கும் அதே திட்டத்தில் இன்னொன்று, அமேசான் பிரைம் ஆண்டுக்கு 1,499, அதில் விளம்பரம் வராமலிருக்க மேலும் 699, ஜியோஹாட்ஸ்டார் ஆண்டுக்கு 1,499, சின்னச் சின்ன செயலிகள் மூன்றுக்கு மாதம் 350. எல்லாமே கிரெடிட் கார்டில் ஆட்டோபே. இவ்வளவு கட்டியும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்கள் திடீரென்று காணாமல் போகின்றன. எனவே 4கே ப்ளூரே பிளேயரும் சவுண்ட்பாரும் 80,000 ரூபாய்க்கு 18 மாத நோ-காஸ்ட் இஎம்ஐயில் வாங்கி, மாதம் இரண்டு டிஸ்க் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு டிஸ்க் வீடு வந்து சேர 3,500 ஆகும். டிவி 55 அங்குலம், சோஃபா பத்தடி தள்ளி இருக்கிறது. கார்டில் 84,000 பாக்கி. ஒரு வருடமாக மினிமம் டியூ சுமார் 4,200 தவறாமல் கட்டியும் குறையவில்லை. மகள் படிப்புக்கென 1.5 லட்சம் எஃப்டியில் இருக்கிறது. டிஸ்க்கா, ஸ்ட்ரீமிங்கா, எது லாபம்? செயலியிலேயே ‘வாங்கு’ என்று காட்டும் படங்களை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் அந்த 84,000 ரூபாயைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். டிஸ்க்கும் ஸ்ட்ரீமிங்கும் அதற்குப் பிறகு.

கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கார்டுகளில் ஏறத்தாழ இதுதான், சிலவற்றில் இன்னும் கூட. 84,000-க்கு ஒரு மாத வட்டி 2,940. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 529. ஆக, சுமார் 3,470. நீங்கள் கட்டும் 4,200-ல் அசலுக்குப் போய்ச் சேருவது வெறும் 730 ரூபாய். இப்போது ஓடிடி கணக்கைப் பாருங்கள். இரண்டு நெட்ஃபிளிக்ஸ் 1,298, சிறு செயலிகள் 350, ஆண்டுச் சந்தாக்களை மாதத்துக்குப் பிரித்தால் 308. மொத்தம் ஏறக்குறைய 1,950. இது அத்தனையும் அதே கார்டில் ஏறுகிறது. 730 கழிகிற இடத்தில் 1,950 ஏறினால், வேறு எதையும் வாங்காமலேயே கடன் மாதம் 1,200 ரூபாய் கூடும். ‘கட்டியும் குறையவில்லை’ என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று. பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் உண்டு. பாக்கி வைத்திருக்கிற உங்களுக்குப் புதிதாக ஏறும் ஒவ்வொரு சந்தாவுக்கும் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கணக்கு ‘தவணை தவறியது’ என்று பதிவாகாது. அவ்வளவுதான் அதன் பயன். அதைக் கட்டிவிட்டுக் கடனை அடைத்துக்கொண்டிருப்பதாக நினைப்பதுதான் உங்களைக் கெடுக்கும் பழக்கம்.

எஃப்டியை உடையுங்கள். மகள் படிப்புப் பணத்தில் கைவைக்க மனம் வராது, புரிகிறது. ஆனால் அந்தப் பணத்தைக் காப்பாற்றுவதே இதன் நோக்கம். 84,000 எஃப்டியில் 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 5,880 தரும். அதே 84,000 கார்டில் கிடந்தால் ஆண்டுக்கு 41,600 தின்னும். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி அரை முதல் ஒரு சதவீத வட்டியைக் குறைத்தாலும் இந்த வித்தியாசத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒருவேளை அது ஐந்தாண்டு வரிச் சேமிப்பு எஃப்டியாக இருந்தால் உடைக்கவும் முடியாது, அதன் மேல் கடனும் கிடைக்காது. அப்படியானால் நகைக் கடனோ தனிநபர் கடனோ வாங்கிக் கார்டை மூடுங்கள். 12 சதவீதமோ 15 சதவீதமோ, 42-ஐவிட எவ்வளவோ மேல்.

அடைக்கும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பில்லில் அச்சான தொகையைக் கட்டிவிட்டு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பில் தேதிக்கும் நீங்கள் கட்டும் நாளுக்கும் இடையிலான வட்டி அடுத்த பில்லில்தான் வரும். வாடிக்கையாளர் சேவையை அழைத்து, இன்றைய தேதிக்கு முழுதாக அடைக்க எவ்வளவு என்று கேட்டு அதைக் கட்டுங்கள். அடுத்த இரண்டு பில்களையும் வரி வரியாகப் பாருங்கள். 150 ரூபாய் மிச்சம் நின்றால்கூட வட்டி மறுபடியும் தொடங்கிவிடும்.

இனி நோ-காஸ்ட் இஎம்ஐ. வட்டி இல்லாத கடனை எந்த வங்கியும் தருவதில்லை. இப்படிப்பட்ட பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளை எச்சரித்தது. 16 சதவீத வட்டி என்று எடுத்தால், 18 மாதத்தில் நீங்கள் கட்டும் 80,000-க்குள் சுமார் 9,300 வட்டி இருக்கிறது. கடைக்காரர் அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார். ரொக்கம் கொடுப்பவர் பேரம் பேசி வாங்கக்கூடிய தள்ளுபடி அது. அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி, ஏறத்தாழ 1,670 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். செயலாக்கக் கட்டணம் தனி. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், மாதத் தவணை 4,444 அப்படியே மினிமம் டியூவில் சேரும் என்பது. இன்று 4,200 கட்டவே திணறுகிறவர் 8,600-க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். பாக்கி பூஜ்யமாகும்வரை இந்தப் பேச்சே வேண்டாம்.

சந்தாக்களுக்கு வருவோம். போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் ஆட்டோபே நிற்காது. முதலில் செயலியின் கணக்குப் பகுதியில் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். கூகுள் பிளே அல்லது ஆப்பிள் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேதான் ரத்து செய்ய முடியும். பிறகு கார்டு வங்கியின் தளத்தில் தானியங்கிக் கட்டண ஆணையையும் நீக்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். அந்தக் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். பிராட்பேண்ட் திட்டத்தோடும் மொபைல் ரீசார்ஜோடும் என்னென்ன ஓடிடி இலவசமாகச் சேர்ந்து வருகிறது என்றும் பாருங்கள். ஒரே செயலிக்கு இரண்டு பக்கமும் பணம் கட்டும் வீடுகள் நிறைய.

பிரைமும் ஹாட்ஸ்டாரும் ஆண்டுச் சந்தா என்பதால் இருக்கட்டும். 699 ரூபாய் விளம்பர நீக்கத்தை இனி புதுப்பிக்க வேண்டாம். நெட்ஃபிளிக்ஸை ஆண்டில் நான்கு மாதம் மட்டும், 499 ரூபாய் எச்டி திட்டத்தில், யுபிஐயில் கட்டிப் பாருங்கள். சிறு செயலிகள் மூன்றும் வேண்டாம். ஆண்டுச் செலவு 23,500-லிருந்து 5,000-க்கு இறங்கும்.

மைத்துனர் வீட்டுச் சந்தா ஆண்டுக்கு 7,788. 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் ஒரு நெட்ஃபிளிக்ஸ் கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும்தான் என்றாகிவிட்டதால், கடவுச்சொல் கேட்டவருக்கு நீங்கள் தனிக் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கார்டு பாக்கியை மறைக்காமல் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தம்பியிடம் அவரே சொல்லட்டும், அடுத்த மாதத்திலிருந்து அவர் கார்டில் மாற்றிக்கொள்ளும்படி. நீங்கள் சொன்னால் மனத்தாங்கலாகும், அக்கா சொன்னால் ஆகாது. செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தால் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு தொகை கொடுங்கள். அது அந்தத் தொகையோடு முடிந்துவிடும்.

இதில் மிச்சமாகும் தொகையில் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சத்தைப் படம் வாடகைக்கு எடுக்க ஒதுக்கினாலும் மாதம் 1,400 கையில் நிற்கும். மினிமம் டியூவுக்குப் போன 4,200-ஐயும் சேர்த்து 5,600 ரூபாய்க்கு ஒரு ஆர்டி தொடங்குங்கள். 15 மாதத்தில் மகளின் 84,000 திரும்பிவிடும்.

டிஸ்க் மேல் உங்களுக்குள்ள ஆசை தவறில்லை. 4கே ஸ்ட்ரீமிங் விநாடிக்கு 15 மெகாபிட் அளவில் வருகிறது. 4கே ப்ளூரேயில் 100 மெகாபிட்டையும் தாண்டலாம். இருட்டுக் காட்சிகளில் வானம் பட்டை பட்டையாகத் தெரிவதும், மழையும் புகையும் கட்டம் கட்டமாக உடைவதும் டிஸ்க்கில் பெரும்பாலும் இருக்காது. ஒலியும் இழப்பில்லாமல் வரும். ஆனால் 55 அங்குலத் திரையில் சாதாரண கண்பார்வைக்கு எச்டிக்கும் 4கேவுக்கும் நுணுக்க வித்தியாசம் தெரிவது சுமார் ஏழடிக்குள்தான். பத்தடியில் உட்கார்ந்து பார்க்கும் நீங்கள் கண்ணுக்கு எட்டாத புள்ளிகளுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். மாதம் இரண்டு டிஸ்க் என்றால் ஆண்டுக்கு 84,000. உங்கள் கார்டு பாக்கியும் அதே தொகைதான். ஒரு டிஸ்க்கை மூன்று முறை பார்த்தாலும் ஒரு தடவைக்கு 1,167 ரூபாய் ஆகிறது. மேலும், பெரும்பாலான தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்கில் வரவே இல்லை. காணாமல் போகிறது என்று நீங்கள் வருந்தும் படங்கள் தமிழ்ப் படங்கள் என்றால் இந்த 80,000 அவற்றைக் கொண்டுவராது.

ஒரு படம் ஒரு தளத்திலிருந்து போவது உரிம ஒப்பந்தம் முடிவதால். பல சமயம் வேறொரு தளத்தில் இருக்கும், அல்லது வாடகைக்குக் கிடைக்கும். வாடகைப் படத்தைப் பொதுவாக 30 நாளுக்குள் தொடங்கி, தொடங்கியதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஆர்டி முடிந்தபின் ரொக்கமாக வாங்குவதானால் பத்துப் படங்களைப் பட்டியல் போட்டு, அவற்றின் சாதாரண ப்ளூரேயோ டிவிடியோ பழையது கிடைக்கிறதா என்று தேடுங்கள். எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கில் போட்டிருக்கும் மண்டலக் குறியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இந்தியா டிவிடிக்கு மண்டலம் 5, ப்ளூரேக்கு ‘சி’. அமெரிக்க டிஸ்க் இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குகள் பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஓடும், ஆனால் கூடவே வரும் ப்ளூரேக்குப் பூட்டு இருக்கலாம். பிளேயரையே அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருக்கக்கூடும். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும், வாரண்டியும் இங்கே செல்லாது. சாம்சங்கும் எல்ஜியும் பிளேயர் தயாரிப்பையே விட்டுவிட்டதால் லென்ஸ் போனால் மாற்ற ஆள் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள். தெரிந்தவர் வீட்டில் டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 இருந்தால் அதிலேயே 4கே டிஸ்க் ஓடும். ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள், உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று.

கடைசிக் கேள்வி. செயலியில் ‘வாங்கு’ என்பதை அழுத்தினால் கிடைப்பது பார்க்கும் உரிமம் மட்டும். அந்தத் தளம் உரிமையை இழந்தாலோ உங்கள் கணக்கு முடங்கினாலோ படமும் போகலாம். விற்க முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. 500, 600 கொடுத்து அதை வாங்காதீர்கள். வேண்டியபோது வாடகைக்கு எடுங்கள்.