கொழுப்பு மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நோயாளிகளிடம் மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல்வது என் வழக்கம். சுகர் மாத்திரை அட்டை காலியாக இருக்கும். பிரஷர் மாத்திரையில் இரண்டோ மூன்றோ மிச்சம் இருக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் அட்டை மட்டும் மெடிக்கலில் வாங்கிய கோலத்திலேயே, ஒரு குமிழ்கூட உடையாமல் வந்து விழும். திருப்பாதிரிப்புலியூரில் நான் வைத்தியம் பார்க்கும் இத்தனை வருஷத்தில் இந்தக் காட்சி மாறவே இல்லை. இந்த மாதம் கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாத்திரையைப் பற்றித்தான். அதனால் இம்முறை வேறு எதையும் எடுக்கவில்லை.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. எனக்குப் போய் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 168 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சாப்பிடாத கொழுப்பு எங்கிருந்து வந்தது? மாத்திரை அதை எப்படிக் கரைக்கும்? (வடலூர், வயது 54)

உங்கள் கல்லீரலில் இருந்து வந்தது. உடம்புக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. செல்களின் சுவர், ஹார்மோன்கள், பித்தநீர் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சைவச் சாப்பாட்டிலும் நெய், வெண்ணெய், வனஸ்பதி, பாமாயிலில் பொரித்த பலகாரம் என்று நிறைவுற்ற கொழுப்பு தாராளமாக இருக்கிறது. அது எல்.டி.எல்.லை ஏற்றிவிடும்.

இன்னொன்று. மாத்திரை எந்தக் கொழுப்பையும் கரைப்பதில்லை. பலரும் நினைப்பதுபோல் அடைத்த குழாயில் ஆசிட் ஊற்றுகிற வேலை அல்ல அது. உங்கள் வீட்டு கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் மாவு வீட்டிலேயே அரைபடுகிறவரை, தெருவில் மாவு விற்றுக்கொண்டு போகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை. கிரைண்டர் நின்றுபோனால்? வாசலில் ஆள் நின்று, போகிற மாவையெல்லாம் வாங்கி உள்ளே வைப்பார்கள். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராவதற்கு எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்று ஒரு நொதி வேண்டும். அதுதான் கிரைண்டர். ஸ்டாடின் (அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளின் குடும்பப் பெயர்) போய் அந்த நொதியில் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே சரக்கு குறைந்ததும் கல்லீரல் செல் தன் மேற்பரப்பில் கூடுதலான ஏற்பிகளை நட்டு, ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. ஓர் ஏற்பி பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு மறுபடியும் வெளியே வந்து நிற்கும். ரத்தத்தில் எல்.டி.எல். குறைவது பெரும்பாலும் இப்படித்தான். உற்பத்தி குறைவதைவிட வாசலில் பிடித்து இழுப்பதுதான் பெரிய வேலை.

இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் எந்தக் குழந்தைகளைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

உங்களுக்கு 168 என்பதற்காகவே மாத்திரை தொடங்க வேண்டும் என்று இங்கிருந்தபடி சொல்ல மாட்டேன். சுகர், பிரஷர், புகை, அப்பா அம்மாவுக்கு இதயநோய், இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கெமிக்கல் மாத்திரை, கல்லீரலைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று இருக்கிறது. (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

இந்த மருந்தின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் 'கெமிக்கல்' பயம் கொஞ்சம் குறையும். ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைக் கரைசல்களைச் சோதித்து, 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். கியோட்டோவில் ஓர் அரிசிக் கடை அரிசியில் பூத்திருந்த பூசணம் அது. விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் ஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் வந்த லோவாஸ்டாட்டின். அதுவும் பூஞ்சை கொடுத்ததுதான். இன்று நீங்கள் வாங்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவை. ஆனால் வழி அதே வழி.

கல்லீரல் நொதி அளவு சிலருக்குக் கொஞ்சம் ஏறும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறினால் மருத்துவர் நிறுத்துவார் அல்லது மாற்றுவார். மருந்து தொடங்குமுன் ஒரு முறை கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது அதற்காகத்தான். ஸ்கேனில் தெரிந்த கொழுப்புக் கல்லீரல் ஸ்டாடினுக்குத் தடையே இல்லை. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் பலரை இதயநோய்தான் கொண்டுபோகிறது. அவர்களுக்கு இந்த மாத்திரை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படும். கல்லீரலை நிஜமாகவே கெடுப்பது வேறு ஒன்று. அது புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. தினமும் குடிக்கிறவராக இருந்தால் அதை முதலில் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் எல்.டி.எல். 62. லேப் தாளில் நார்மல் என்று போட்டிருந்ததால் நிறுத்திவிட்டேன். சரிதானே? (நெல்லிக்குப்பம், வயது 61)

சரியில்லை ஐயா. இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுப் பேசி மறுபடி தொடங்குங்கள்.

62 வந்ததே மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களிலேயே எண் பழைய இடத்துக்குப் போய்விடும். கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் வாசலில் நின்ற ஆள் உள்ளே போய்விடுவார். அப்புறம், லேப் தாளில் உள்ள 'நார்மல்' உங்களுக்கு எழுதியது அல்ல. அந்தத் தாளுக்கு உங்கள் நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பது தெரியாது. மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே, பலருக்கு 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல்.

தாளில் வராத ஒரு வேலையும் நடக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்தோல் மெல்லியதாக இருந்தால் ஒரு நாள் அது கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுவதுதான் அட்டாக். ஸ்டாடின் அந்தத் திட்டுக்குள் இருக்கும் கொழுப்பைக் குறைத்து மேல்தோலை உறுதியாக்குகிறது. 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் இதயநோய் உள்ள 4,444 பேரைச் சுமார் ஐந்தரை ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பாதியில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்ட பாதியில் 182 பேர். அந்த 74 உயிர் வித்தியாசம் தினமும் விடாமல் சாப்பிட்டதால் வந்தது.

காலையிலா இரவிலா? (மஞ்சக்குப்பம்)

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும் உடம்பில் நெடுநேரம் நிற்பவை. எந்த நேரமானாலும் சரி, மறக்காத நேரமாக இருந்தால் போதும். சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் வெளியேறிவிடும். கொலஸ்ட்ரால் உற்பத்தி இரவில்தான் அதிகம் என்பதால் அதை மட்டும் ராத்திரி சாப்பிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு தொடையும் கெண்டைக்காலும் வலிக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இப்படித்தான் வந்ததாம். விட்டுவிடலாமா? (அரியாங்குப்பம், வயது 58)

எனக்கு வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். உங்கள் வலி பொய் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்குக் காரணம் மாத்திரைதானா என்பது வேறு கேள்வி.

லண்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2020இல் வந்தது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்டுவிட்ட 60 பேருக்கு ஆளுக்கு 12 புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாடின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டிகள். மாதம் ஒரு புட்டி. தினமும் வலியின் அளவைப் போனில் பதிய வேண்டும். எதுவும் சாப்பிடாத மாதங்களில் வலி குறைவாக இருந்தது. ஸ்டாடின் மாதங்களில் வலி அதிகம். வெற்று மாத்திரை மாதங்களிலும் ஏறக்குறைய அதே அளவு வலி! ஸ்டாடினில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையிலும் வந்தது. தங்கள் கணக்கையே கையில் கொடுத்துக் காட்டியதும், பாதிப் பேர் மாத்திரையை மீண்டும் சாப்பிடத் தொடங்கினார்கள். மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எதிர்பார்ப்பே உடம்பில் வலியாக இறங்கும். அந்த வலி நிஜமான வலிதான்.

அதே சமயம், மருந்தாலேயே தசை வலி வருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதனால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் போய் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பாருங்கள். தைராய்டு குறைவு கொலஸ்ட்ராலையும் ஏற்றும், ஸ்டாடினில் தசை வலியையும் கூட்டும். உங்கள் வயதுப் பெண்களிடம் அதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாடினுக்கு மாற்றியோ பார்த்தால் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும். சளிக்குக் கிளாரித்ரோமைசின், படைக்கு இட்ராகோனசோல் என்று மெடிக்கலில் நீங்களே வாங்கினீர்களா என்பதையும் சொல்லுங்கள். அவை அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டினின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றும்.

மிக அரிதாகத் தசையே சிதையும். கை கால் தூக்க முடியாத பலவீனத்தோடு சிறுநீர் கறுத்த டீ டிகாஷன் நிறத்தில் போனால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இறால், முந்திரி, மல்லாட்டை (வேர்க்கடலை) மூன்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். கடலூரில் பிறந்துவிட்டு எப்படி? (முதுநகர்)

முந்திரியும் மல்லாட்டையும் செடி கொடி மரத்தில் விளைவது. அவற்றில் கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது. உப்புப் போட்டு வறுக்காமல் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள். இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு குறைவு. வாரம் ஒரு முறை குழம்பாகச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை. எண்ணெயில் மிதக்க வறுப்பதும் தேங்காய்ப் பால் ஊற்றுவதும்தான் ஆபத்து.

ஸ்டாடின் சாப்பிட்டால் சுகர் வரும் என்று படித்தேன். (வில்லியனூர்)

கொஞ்சம் உண்மை இருக்கிறது. 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் அதில் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரும் என்பது ஆய்வுகளின் கணக்கு. அந்த ஒருவரும் பெரும்பாலும் எல்லைக்கோட்டில் நிற்பவர். அதே 255 பேரில் தடுக்கப்படும் மாரடைப்பும் பக்கவாதமும் அதைவிட அதிகம். ஏற்கெனவே சுகர் இருக்கும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாங்கள் ஸ்டாடின் எழுதுவதும் இதனால்தான்.

10 மில்லிகிராமில் எல்.டி.எல். 130லிருந்து 85 ஆனது. 20 ஆக்கினால் பாதியாகும் என்று நினைத்தேன். 78தான் வந்தது. மருந்து போலியா? (பண்ருட்டி)

போலி இல்லை. முதல் அளவுதான் பெரிய வேலையைச் செய்யும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும். இன்னும் இறக்க வேண்டியிருந்தால் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் மாத்திரையைச் சேர்ப்பது வழக்கம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

திருமணமாகி இப்போது குழந்தைக்கு முயல்கிறோம். தொடரலாமா? (உருளையன்பேட்டை)

கருத்தரிக்க முயலும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் நிறுத்திவைப்போம். ஏற்கெனவே இதயநோய் உள்ள சிலருக்கு மட்டும் முடிவு மாறலாம்.

எனக்கு வயது 29. ஒல்லியான உடம்பு. அப்பா 41 வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். எனக்கு எல்.டி.எல். 236. இந்த வயதில் ஆயுள் முழுக்க மாத்திரையா? (முதுநகர்)

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

சில வருஷங்களுக்கு முன் உங்களைப் போலவே ஒல்லியான ஓர் இளைஞர், படகில் வேலை செய்பவர், கணுக்கால் சுளுக்கு என்று வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே பின்பக்கத் தசைநார் என் கட்டைவிரல் பருமனுக்குத் தடித்து, அழுத்தினால் கல்லாக இருந்தது. சுளுக்கு அல்ல. தசைநாருக்குள் கொலஸ்ட்ரால் படிந்திருந்தது. கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையமும் இருந்தது. எழுபது வயதில் அந்த வளையம் வந்தால் பொருட்படுத்த மாட்டோம். அவருக்கு 26.

இது பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய். சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது. கல்லீரலின் வாசலில் நிற்க வேண்டிய ஏற்பிகளில் பாதி பிறவியிலேயே சரியாக இருக்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்த குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே மாரடைப்பு வரும். பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் ஆராய்ந்தது அப்படிப்பட்ட குழந்தைகளைத்தான். உங்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. பிறந்த நாளிலிருந்து ரத்தக்குழாய் இந்த அளவில் நனைந்துகொண்டிருக்கிறது. உங்கள் அப்பாவின் வயதைப் பாருங்கள்.

ஆயுள் முழுக்கத்தான். மீதமிருக்கும் நல்ல ஏற்பிகளைக் கூட்டுவதற்கு ஸ்டாடினைவிட நல்ல முதல் மருந்து இல்லை. உங்களுக்கு அதிக அளவு தேவைப்படலாம், எசெடிமைபும் சேரலாம். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் இதயப் பிரிவில் ஒரு முறை காட்டுங்கள். சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள். எதற்கும் குளிக்கும்போது குதிகாலுக்கு மேலே விரலால் தொட்டுப் பாருங்கள்.

உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இந்த வாரமே ரத்தம் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களில் யாருக்காவது அளவு அதிகமாக வந்தால் அவர்களுடைய பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். எட்டு, பத்து வயதிலேயே மருந்து தொடங்க வேண்டிய குழந்தைகள் இருக்கிறார்கள். வெறும் வயிறாகக்கூட இருக்க வேண்டியதில்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் எடுத்துக்கொள்ளலாம்.