அமைதியான பகுதிக்குக் குடிபோகலாமா?

கேள்வி: என் ஒருவன் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது, பிள்ளைகள் இருவர். நகரின் நடுவே இருக்கும் வீட்டுக்குச் சம்பளத்தில் 35 சதவீதம் வாடகையாகப் போகிறது. சற்றுத் தள்ளி, குடும்பங்கள் மட்டுமே வசிக்கும் அமைதியான பகுதியில் இதைவிடப் பெரிய வீடு 20 சதவீதத்துக்குள் கிடைக்கிறது. ஆனால், வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் கூடும். அங்கேயே வீடு வாங்கிவிடலாம் என்கிறார் மனைவி.

பதில்: வாடகையில் மிச்சமாகும் 15 சதவீதம் முழுவதும் உங்கள் கையில் நிற்காது. மாதத்துக்கு 22 வேலை நாட்கள் என்றால் கூடுதல் பயணம் 33 மணி நேரம். எட்டு மணி நேர வேலைக் கணக்கில் மாதத்துக்கு 176 மணி நேரம் உழைக்கிறீர்கள்; அதில் இந்த 33 மணி நேரம் ஏறக்குறைய 19 சதவீதம். எரிபொருளுக்கும் வண்டிப் பராமரிப்புக்கும் 5 சதவீதம் போனால், எஞ்சும் 10 சதவீதத்துக்காக உங்கள் நேரத்தை ஏறக்குறைய பாதிச் சம்பள விகிதத்தில் விற்கிறீர்கள் என்று பொருள். பேருந்து வசதி குறைவாக இருந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வண்டி தேவைப்பட்டால் அந்த 10 சதவீதமும் கரையும்.

இருந்தும், போகவே சொல்வேன். மாலையில் பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்டுவதற்கும், இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதற்கும் என் கணக்கில் இடமில்லை; அதனால் அவற்றுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. மிச்சமாகும் தொகையைச் சம்பள நாளன்றே தனிச் சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். பெரிய வீட்டின் காலி அறை சும்மா இருக்காது, கட்டில் கேட்கும், அலமாரி கேட்கும். ஆறு மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை அந்தப் பணத்தைத் தொட வேண்டாம்.

வாங்குவதை மட்டும் ஓராண்டு தள்ளிப்போடுங்கள். நீண்ட காலக் கடனில் முதல் சில ஆண்டுகளின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதால், இடம் பிடிக்காமல் சீக்கிரமே விற்க நேர்ந்தால் அசல் அதிகம் குறைந்திருக்காது, பதிவுச் செலவும் திரும்பி வராது. அமைதியான பகுதியில் வாங்க வருபவர்களும் குறைவாக இருக்கலாம். குடிபோனபின் மாலை நடைக்குப் போகும்போது, எத்தனை வீட்டு வாசலில் 'வாடகைக்கு' என்ற பலகை வெயிலில் எழுத்து மங்கித் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள், கடன் தொகையைப் பற்றி அப்போது பேசலாம்.