ஓபோவும் உலகப் போட்டிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (மயிலாப்பூரிலிருந்து): பியானோ, வயலின் போட்டிகளைப் பற்றி அறிவோம். ஓபோவுக்கென்றே சர்வதேசப் போட்டி உண்டா?

பதில்: உண்டு. ஓபோ, இரட்டை நாணல் பொருத்தி ஊதும் மேற்கத்தியக் குழல் வாத்தியம். ஜப்பானில் அதற்காக மட்டுமே ஒரு போட்டி 1985-இல் தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஏ.ஆர்.டி. மியூனிக் நகரில் நடத்தும் போட்டி 1952 முதல் நடக்கிறது. ஆண்டுதோறும் கருவிகள் மாறுவதால், அதில் ஓபோவின் முறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். ஜெனீவா, பிராக் போட்டிகளிலும் ஓபோவுக்கு இடமுண்டு.

கேள்வி (பெரம்பூரிலிருந்து): பரிசு ஓரிருவருக்குத்தான் கிடைக்கிறது. அதனால் ரசனை எப்படி வளரும் ஐயா?

பதில்: பரிசைவிட, அதற்குப் பின்னர் பிறக்கும் இசையே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்விட்சர்லாந்தின் ஓபோ கலைஞர் ஹைன்ஸ் ஹோலிகர் 1959-இல் ஜெனீவாவிலும் 1961-இல் மியூனிக்கிலும் முதற்பரிசு பெற்றார். அவருடைய வாசிப்பைக் கருத்தில் கொண்டே இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ 1969-இல் 'செக்வென்ஸா 7' என்னும் தனி ஓபோ படைப்பை எழுதினார். அதில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஸ்வரம் வேறோரிடத்திலிருந்து மெல்ல ஒலித்துக்கொண்டே இருக்கும். நாகஸ்வரக் கச்சேரியில் சுருதிக் குழலான ஒத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு அந்த அமைப்பு அந்நியமாகவே இராது. இன்று இளம் கலைஞர்கள் தம் திறமையை நிறுவ வாசிக்கும் படைப்புகளுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. மேலும், ஏ.ஆர்.டி. போட்டி அரையிறுதிக்கெனப் புதிய படைப்புகளை எழுதச் செய்கிறது. ஓபோவுக்கான இசை இவ்வாறும் பெருகுகிறது.

கேள்வி (அண்ணா நகரிலிருந்து): இணையத்தில் போட்டிச் சுற்றுகளைக் கேட்கிறேன். எல்லோரும் ஒரே படைப்பை வாசிக்கையில் எதைக் கவனிப்பது?

பதில்: ஒரே படைப்பு என்பதுதான் நமக்கு வாய்ப்பு. மோட்சார்ட்டின் ஸி மேஜர் கான்செர்ட்டோவில் (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பில்) ஓபோ முதன்முதலாக நுழையும்போது, விரைந்து மேலேறி, மேல் ஸட்ஜத்தில் நான்கு பார் (தாளக் கட்டம்) நீளத்துக்குக் கார்வை நிற்கும். அந்த ஒரு ஸ்வரத்தை ஒவ்வொருவரும் எப்படித் தொடங்குகிறார், எங்கே வலுவூட்டுகிறார், எப்படி அடுத்த சங்கதிக்கு விடுகிறார் என்று ஒப்பிட்டுக் கேளுங்கள். ஓபோவின் சிறிய இரட்டை நாணல் மிகக் குறைந்த காற்றையே ஏற்பதால், வாசிப்பவர் புதிய மூச்சை இழுக்குமுன் நெஞ்சில் தேங்கிய காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். அதை இசை வாக்கியம் அறுபடாமல் செய்வதே பெரிய வித்தை.

கேள்வி (தாம்பரத்திலிருந்து): சென்னையில் நாம் என்ன செய்யலாம்?

பதில்: மார்கழியில் நம் சபாக்கள் நடத்தும் செயல்முறை விளக்க உரைகளில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். போட்டி ஒளிப்பதிவுகளில் மூன்று பேரின் மோட்சார்ட் நுழைவை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, ஓபோ கலைஞர் ஒருவரையும் நாகஸ்வர வித்வான் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, கத்தியால் சீவிச் சரிசெய்யும் ஓபோ நாணலையும் நம் நாகஸ்வரச் சீவாளியையும் அவையோருக்குக் காட்டி, இருவரையும் ஒரே கார்வையை வாசிக்கச் சொல்ல வேண்டும். அனுமதி இலவசமாக இருப்பது நல்லது. இசைப் பள்ளி மாணவர்களுக்கு முன்வரிசையைக் கொடுங்கள்.