வரப்பு நடைக்கு 1,800 ரூபாய்: கட்டலாமா?

கேள்வி: திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி வரை வயல்வழியே ஒரு நாள் நடைப் பயணம் கூட்டிப்போகிறார்கள். தலைக்கு 1,800 ரூபாய். வழிகாட்டி, மதியம் மீன் சாப்பாடு, திரும்பி வர வேன் எல்லாம் அதில் அடக்கம். தை மாதக் கடைசியில் நானும் 63 வயது அம்மாவும் போக நினைக்கிறோம். முழுப் பணத்தையும் முன்பே கட்டச் சொல்கிறார்கள். ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்றும் போட்டிருக்கிறது. கட்டலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: முதலில் போன் செய்து, மொத்தம் எத்தனை பேர் என்று கேளுங்கள். வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். போன வருடம் வேறொரு டெல்டா கிராமத்தில் இதேபோல் பணம் கட்டிப் போனேன். இருபது பேருக்கு மேல். மூன்று மணி நேரம் நடந்தும், முன்னால் வழிகாட்டி சொன்னது பின்னால் வந்த எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. எட்டுப் பேருக்குள் என்றால்தான் இந்த விலைக்கு நான் சரி என்பேன்.

அப்புறம், வழிகாட்டி அந்தப் பக்கத்துக்காரரா? தை, மாசி சம்பா அறுவடைக் காலம். அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். அறுத்த வயல் வெறும் நெல்தாளாகத் தெரியும், ஆனால் அடியில் முளை இருக்கும். விவரம் தெரியாதவர் குறுக்கே இறக்கிவிட்டால், மிதிபடுவது ஒரு விவசாயியின் அடுத்த மகசூல். நிலத்துக்காரர்களிடம் கேட்டுத்தான் கூட்டிப்போகிறாரா என்று தயங்காமல் விசாரியுங்கள். உங்கள் பணம் முக்கியமாக இப்படி வயலறிந்த வழிகாட்டிக்குத்தான். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டையையும் அலையடிக்கும் கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலையும் பஸ்ஸில் போய் இறங்கியே பார்த்துவிடலாம்.

சாலை வழியே ஏழெட்டு கிலோமீட்டர். வரப்பில் சுற்றிப் போனால் கூடும். வயலில் நிழலும் அதிகம் இருக்காது. எத்தனை மணிக்குப் புறப்பாடு, வழியில் கழிப்பறை எங்கே, நடுவில் முடியாமல் போனால் வண்டி வருமா? கழிப்பறைக் கேள்விக்கு மழுப்பினால் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம்.

மீனைப் பற்றித் தையில் கவலையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போகிறவர்கள்தான் தட்டில் வருவது நாட்டுப்படகு மீனா, ஐஸ் மீனா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அந்த ‘திருப்பித் தரப்படாது’ வரி. கடைசி நேரத்தில் நீங்களே வரவில்லை என்றால், முன்பே சொல்லியிருந்தபடி பிடித்தம் செய்வதில் நியாயம் உண்டு. அவர்களே ரத்து செய்துவிட்டு இந்த வரியைக் காட்டினால் அது சேவைக் குறைபாடு, விடாதீர்கள். தையிலும் சில வருடம் மழை பெய்து அறுவடையைக் கெடுக்கிறது. அதனால் மழை வந்தால் வேறு தேதியா, பணமா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பில்லும் கேளுங்கள். பில் தராததே 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மயிலாடுதுறைக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

பாதியை இப்போது கட்டுகிறேன், மீதியை நடை தொடங்கும் இடத்தில் தருகிறேன் என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.