வாசகர் கேள்வி: பனையோலைப் பெட்டிகளின் கடல் பயணம்

கேள்வி: இலண்டன், ரொறன்ரோ, டுபாய் கடைக்காரர்கள் எங்கள் பனையோலைப் பெட்டிகளைக் கேட்கிறார்கள். திருகோணமலையிலிருந்தே கப்பலில் அனுப்பலாமா? செலவை எவ்வாறு கணிப்பது?
– வாசகர், உப்புவெளி

பதில்: கண்ணெதிரே இத்தனை பெரிய இயற்கைத் துறைமுகம் இருந்தும் உங்கள் சரக்கு லொறியில் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இங்கு பெரும்பாலும் கோதுமை, சீமெந்து மூலப்பொருள் போன்ற மொத்தச் சரக்குகளே கையாளப்படுகின்றன. கொள்கலன் கப்பல்கள் கொழும்பைத்தான் நாடுகின்றன.

ஓலைப் பொருளுக்கு எடையைவிட இடமே செலவு. 60×50×40 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்று தராசில் 6 கிலோ மட்டுமே காட்டினாலும், விமானத்தில் அனுப்பினால், விமான நிறுவனம் அதன் கன அளவை (1,20,000 கன செ.மீ.) 6000ஆல் வகுத்து 20 கிலோவுக்குப் பணம் கேட்கும். கடல்வழியில் அதே பெட்டிக்குக் கணக்கு 0.12 கனமீற்றர்தான். 20 அடிக் கொள்கலன் ஏறத்தாழ 33 கனமீற்றர் கொள்ளும் என்பதால், அதை நிரப்பும் அளவுக்குச் சரக்குச் சேரும்வரை, பிறருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும் பகிர்வு முறையே உங்களுக்குப் பொருந்தும்.

டுபாய்ப் பயணம் குறுகியது. ரொறன்ரோவுக்குரியது மொன்றியல் அல்லது ஹலிபக்ஸில் இறங்கி ரயிலில் செல்வதுண்டு. இலண்டனுக்குத் தவணை கூறுமுன் பாதையைக் கேளுங்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியதால் வாரக்கணக்கில் தாமதமாயிற்று.

சரக்கின் பொறுப்பு எங்கே கைமாறும் என்பதற்கு, ஒப்பந்தத்தில் பழக்கத்தால் 'எஃப்.ஓ.பி.' (FOB) என்ற வணிக நிபந்தனையை எழுதிவிடாதீர்கள். அதன்படி கப்பலில் ஏறும்வரை சேதம் உங்கள் பொறுப்பு. 'எஃப்.சி.ஏ. (FCA) கொழும்பு' என்றால், குறித்த களஞ்சியத்தில் ஒப்படைத்ததோடு பொறுப்பு கைமாறும். ஓலையை நன்றாகக் காயவிட்டே அடையுங்கள். கொள்கலன் உள்ளே வியர்க்கும், பூஞ்சணம் பிடித்துவிடும்.