கணக்கு நோட்டைப் பார்த்ததும் எழுந்துபோகும் பெண்

காப்பகத்தில் நடத்தும் வரவு செலவு வகுப்பை அந்தப் பெண்ணுக்காக நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வகுப்பை நிறுத்த வேண்டாம். எல்லார் முன்னாலும் வரவு செலவு கேட்பதை மட்டும் நிறுத்துங்கள்.

கணவனின் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு வந்த 19 வயதுப் பெண், நோட்டைத் திறந்தாலே எழுந்துபோகிறாள் என்கிறீர்கள். "காசு எங்கே போச்சு?" என்று கேட்டுத்தான் அங்கே அடி விழுந்திருக்கும்.

அடுத்த வாரம் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். பால், பஸ் காசு மட்டும் அவளே எழுதட்டும். தயங்காமல் எழுதினால், அவள் எழுந்துபோகக் காரணம் அநேகமாக அந்தக் கேள்விதான்.

அப்புறம், வங்கிக் கணக்கில் யாருடைய செல் நம்பர்? அவனுடையது என்றால் இவள் நூறு ரூபாய் எடுத்தாலும் எஸ்எம்எஸ் அவனுக்குப் போகும். முதலில் அதை மாற்றுங்கள். பட்ஜெட் பாடமெல்லாம் பிறகு.

நடந்ததைத் தோண்டிக் கேட்காதீர்கள், அது நம் வேலை இல்லை. தூக்கமே இல்லை, சாகத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால் 14416, டெலிமானஸ் என்னும் மனநல உதவி எண். அவன் தேடிவந்து மிரட்டினால் 181, பெண்கள் உதவி எண்.